மணலுக்கு வைத்த விருந்து

அன்பு மகள் ரெட்னோவுக்கு அப்பா எழுதுவது. இறைவன் அருளால் இங்கே நானும் அம்மாவும் நலம், தைவானில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளும் சுகமாக இருக்கவேண்டும். மெராப்பி எரிமலை இந்த வாரம் காலையில் மட்டும் புகைகிறது, சாம்பல் இல்லை. மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நல்ல செய்தி இவ்வளவுதான். போனில் பேசினால் நீ அழுவாய், நான் வாயடைத்துப்போவேன், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அந்த மணல் தரகன் பாசுகி வேனில் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கொண்டுவந்து நம் வாசலில் இறக்கினான், நீ அனுப்பியது என்றான். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என் பிறந்த கிழமைக்குத்தாம்பா, அக்கம்பக்கத்து ஆம்பளைங்களக் கூப்பிட்டு துஆ ஓதிடுங்க" என்றாய். உன் கிழமை ஐந்து நாள் சந்தைக் கணக்கில் பஹிங் நாளோடு சேர்ந்து வரும் புதன், அன்றைக்கோ அதற்கு மறுநாள் வியாழன். முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் எண்ணுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? வெளிநாட்டில் இருக்கிற பெண், ஒரு நாள் பிசகிவிட்டாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீடுவீடாகப் போய் அழைத்தேன். பதிமூன்று பேர் வந்து உனக்காகக் கையேந்தினார்கள், சாப்பிட்டார்கள், பெட்டியை வீட்டுக்கும் எடுத்துப்போனார்கள். பாசுகி ஒரு நோட்டை நீட்டினான். "வந்தவங்க பேரு மட்டும்தான் பெரியவரே, சும்மா எழுதுங்க" என்றான். முதல் கையெழுத்து நான் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து மண் தோண்டும் இயந்திரம் பாலம்வரை ஏறி வந்தது. மலை வெடித்த வருடம் நம் மேட்டு வயலில் வந்து மூடிய மணலை நீ விற்றுவிட்டாய் என்று பாசுகி ஒப்பந்தத்தைக் காட்டினான். கூடவே அந்த நோட்டுத் தாளையும் காட்டினான், அதன் தலையில் 'பக்கத்து நிலத்தாரின் சம்மதம்' என்று எழுதியிருந்தது. பக்கத்து வயல் பொனிமின் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, ஒரு கோழிக்காலப் போட்டு மலைச்சரிவையே கேட்டுட்டீங்களே" என்றான். நம் ஊரில் ஒருவர் வீட்டு விருந்தைச் சாப்பிட்டவன் அவர் காரியத்துக்குக் குறுக்கே நிற்கமாட்டான் என்பது பாசுகிக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தெரிந்துதான் என்னை அழைக்கவிட்டாய்.

ஓட்டு வீட்டை இடித்துவிட்டு டைல்ஸ் போட்ட வீடு கட்டித்தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். யார் கேட்டது? இந்தத் தீவில் ஒருவன் வயல் முடிகிற வரப்பில்தான் அடுத்தவன் வயல் ஆரம்பிக்கிறது. நீ பத்து மீட்டர் தோண்டினால் கீழே சூமினெமின் படிவயல் சரியும், நாற்பது வீட்டுக்கு ஊற்றுத் தண்ணீர் வருகிற குழாயும் அதோடு போகும். அவள் என்னிடம் கேட்டாள், "உங்க மக தைவான்லேருந்து குடத்துல தண்ணி கொண்டாந்து ஊத்துவாளா அண்ணே?" போன வாரம் பொனிமின் பேரனுக்குப் பெயர் வைத்தார்கள், என்னைக் கூப்பிடவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் வாசல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார்கள். அதை அம்மாவால் தொடக்கூட முடியவில்லை.

பிறகு பதிமூன்று வீட்டுக்கும் மறுபடி நடந்தேன், இந்தமுறை மன்னிப்புக் கேட்க. இரண்டு வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாள் எல்லோரும் வந்தார்கள், பாதையின் குறுக்கே மூங்கில் கட்டினோம். இயந்திரம் பாலத்தருகே நிற்கிறது. அந்தக் கையெழுத்துகள் ஏமாற்றி வாங்கியவை, செல்லாது என்று பதினான்கு பேரும் கிராமத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம். நிலம் ரெட்னோ பெயரில் இருக்கிறது, ஒப்பந்தத்தை அவள்தான் ரத்து செய்யவேண்டும் என்கிறார். ஒரே பிள்ளை என்று உன் பெயரில் எழுதிவைத்தவன் நான்தானே.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நேரத்துக்குச் சாப்பிடு. இறைவன் உன்னைக் காப்பாற்றட்டும், அதற்கு எந்தக் கோபமும் குறுக்கே வராது. இந்த மாதக் கடைசிக்குள் ரத்துக் கடிதம் தலைவர் கைக்கு வந்தாகவேண்டும். வரவில்லை என்றால் இயந்திரம் மேலே ஏறும்போது மூங்கிலுக்கு இந்தப் பக்கம் பொனிமினோடும் சூமினெமோடும் நான் நிற்பேன். அந்தப் பக்கம் உன் பெயர் இருக்கும்.

உன் அப்பா,
கர்சோனோ