நோய் வரிசை

3 மார்ச் 1997
அத்திபெலே, எங்கள் விதைக் கம்பெனியின் பண்ணை. நோய் வரிசையில் இன்றுதான் இலைகள் சுருங்க ஆரம்பித்திருக்கின்றன. அப்பாடா! சீக்கிரம் நோய் தொற்றும் பரங்கி ரகத்தை நான்கு வரிசைக்கு ஒன்றாக வேண்டுமென்றே போட்டிருக்கிறோம். அதிலிருந்து அசுவினிப் பூச்சி வைரஸைப் பக்கத்து ரகங்களுக்கெல்லாம் கொண்டுபோகும். அத்தனைக்கும் நடுவில் நன்றாக நிற்கிற ரகம்தான் எங்களுக்கு வேண்டும். மருந்து மட்டும் அடிக்கவே கூடாது.

என் ஒன்பதாம் நம்பர் ரகம் இதுவரை பளிச்சென்று இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அம்மா வாங்கிய காய். குழம்புக்கு நறுக்கும்போது விதையைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஐந்து வருஷமாகத் தேற்றி வளர்க்கிறேன். கண் பட்டுவிடப் போகிறது, எழுதாமலிருப்பதே நல்லது.

11 மார்ச்
ஆராய்ச்சித் தலைவர் சுந்தரராமன் சார் கூப்பிட்டார். அவர் உருவாக்கிய இருபத்தாறாம் நம்பரைப் பார்க்க வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்களாம். "ஃபீல்ட் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கப்படாது, யாமினி. நீட்டா வெச்சுடுங்கோ." ஆஸ்பத்திரி மாதிரி இருந்தால்தான் சார் அது சோதனை என்றேன். சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

14 மார்ச்
பாவிகள். பாவிகள்.

15 மார்ச்
நேற்று எழுத முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது நோய் வரிசையையே பிடுங்கி வரப்பில் குவித்திருந்தார்கள். மற்ற வரிசைகளிலும் இலை சுருங்கிய செடி ஒன்றைக்கூடக் காணோம். மிச்சத்துக்கு மருந்தும் அடித்தாகிவிட்டது. கேட்டிலேயே நாற்றம். பண்ணை ஆள் ரங்கா பெருமையாக ஓடி வந்தார். "சார்தான் சொன்னாரு மேடம், ஸ்வல்பகூட சீக்குச் செடி கண்ணுல படக் கூடாதுன்னு. பேகபேக முடிச்சிட்டோம். சென்னாகிதா?" நன்றாக இருக்கிறதா என்று கேள்வி வேறு.

அவரைத் திட்டி என்ன பயன்? திட்டினேன். குவியலிலிருந்து கொஞ்சம் இலைகளைக் கவரில் போட்டுக்கொண்டு வந்து வீட்டு ஃப்ரிட்ஜில் உறைய வைத்தேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

22 மார்ச்
வந்தார்கள், பார்த்தார்கள், கை குலுக்கினார்கள். ரிப்போர்ட்டும் தயார்: இருபத்தாறில் நோய் அறவே இல்லையாம்! எப்படி இருக்கும்? நோயாளிகளையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் எல்லோரும் சுகம் என்பதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர்கள் தோட்டத்தையே மறைக்கிறார்கள். ஜூனில் 'வைரஸ் தாங்கும்' என்று போட்டு விதை பாக்கெட் கடைக்குப் போகும். நம்பி விதைக்கிறவன் தலையில் துண்டுதான்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "உங்க ஒன்பதும் அதே ரிப்போர்ட்ல க்ளீனாத்தானே இருக்கு? உங்களுக்கும் நல்லதுதானே?" என்கிறார் சுந்தரராமன் சார். என் ஒன்பதை எனக்கே லஞ்சமாகக் கொடுக்கிறார்!

குணசேகர், "வேலை போச்சுன்னா இன்னா பண்ணுவ?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நா இன்னா செய்யணும்?" என்றார். அதற்காகத்தான் இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டேன்.

30 மார்ச்
ஈஸ்டர். மாடியில் தொட்டிகள் வைத்து எல்லா ரகமும் விதைத்தோம். லிங்கராஜபுரம் முழுக்கப் பிரியாணி வாசனை, எங்கள் கையெல்லாம் சாணி எரு.

13 ஏப்ரல்
உறைந்த இலைகளைச் சட்னிக் கல்லில் அரைத்து, நாற்றுகளின் இலைமேல் தேய்ப்புத் தூள் தூவி, சாற்றை விரலால் தடவினேன். தூள் கீறும் வழியே வைரஸ் உள்ளே போகும். பூச்சி வர வேண்டியதில்லை, யாருக்கும் தப்பிக்க வழியில்லை. மேலே கொசுவலை.

அந்தக் கல் இனி சமையலுக்கு இல்லை.

27 ஏப்ரல்
இருபத்தாறு சுருங்கிவிட்டது. எனக்குத் தெரியும்!

கீழ்வீட்டு சம்பூர்ணம் அக்கா மேலே வந்திருக்கிறார். "பாவம்மா, செடிக்கு நோவு வந்துடுச்சு. வேப்பெண்ணெ தெளிச்சி ஜெபம் பண்ணேன்." உலகத்தில் எல்லோருக்கும் என் செடிகளைக் குணப்படுத்தத்தான் ஆசை. ஜெபமும் வேண்டாம் அக்கா என்று கெஞ்சினேன்.

29 ஏப்ரல்
ஒன்பதின் கொழுந்தில் ஒரு மஞ்சள் புள்ளி. வெயிலாக இருக்கும்.

2 மே
வெயில் இல்லை.

பண்ணையில் நன்றாக இருந்ததே — பூச்சி அந்தப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதானா? அஞ்சு வருஷம்! மாடியிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் சீண்டாத, கசப்புக்காய் காய்க்கிற நாற்பதாம் நம்பர் மட்டும் ஜம்மென்று நிற்கிறது.

"ஆபீஸ்ல காட்டப் போறப்ப ஒம்போதாம் நம்பர் தொட்டிய மட்டும் வுட்டுட்டுப் போயேன்" என்றார் குணசேகர். நீங்களுமா சார் மாதிரி பேசுறீங்க என்று கத்திவிட்டேன். பாவம்.

6 மே
ஆட்டோவில் தொட்டிகளோடு ஆபீஸ். நிர்வாக இயக்குநர் அசோகன் முன்னால் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். ஒன்பதை முதலில்.

சுந்தரராமன் சார் முகத்தில் ஒரு சந்தோஷம். "உங்க செல்லமும் போயிடுத்தே, யாமினி."

"ஆமா சார். அதனாலதான் இந்த டெஸ்ட்ட நீங்க நம்பலாம்."

அசோகன் இருபத்தாறின் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

9 மே
விதை வெளியீடு நிறுத்தம். 'நிர்வாகக் காரணங்களால்'. நோய் என்று எழுதக் கை வராதா?

2 மார்ச் 1998
அத்திபெலே. ஒன்பதின் பூவில் நாற்பதின் மகரந்தம் வைத்துக் கிடைத்த செடிகள் படர ஆரம்பித்திருக்கின்றன. காய் கசக்குமோ என்னவோ.

சுந்தரராமன் சார் விருந்தாளிகளை அழைத்து வந்தார். "ஃபீல்டுன்னா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கணும். அதான் என்னோட மெதட்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். என்னோட மெதடாம்! காது கொதித்தது. விருந்தாளி ஒருவர் வாடின இலையைக் கிள்ளக் குனிந்தார். "தொடாதீங்க சார், மேடம் பைவாங்க, ரொம்ப திட்டுவாங்க" என்று ரங்கா குறுக்கே பாய்ந்தார்.

நோய் வரிசையில் கடைசிச் செடி வரைக்கும் நோய். மனசு நிறைந்து வீடு வந்தேன்.