மாத்திரை வெட்டியும் மாசி மகமும்

அக்கா,

இதனால் புக்கிட் காத்தில் ஊரில் வாழ் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், காணாமல் போயிருந்த உன் மஞ்சள் மாத்திரை வெட்டி, சென்ற வாரம் நம் வீட்டு சோபாவுக்கு அடியில் உயிருடன் மீட்கப்பட்டு, தற்போது என் மேசைமேல் நலமாக உள்ளது. உடனிருந்த கரப்பான் தப்பியோட்டம்.

கழுவித் துடைத்து, என் மாத்திரையை அதில் வைத்து அமுக்கினேன். டக். சரிபாதியாக வெட்டியது. நீ போன பிறகு தூக்கமும் சோறும் பிடிக்காமல் கிடந்த எனக்கு டாக்டர் எழுதித் தந்தது. இப்போது தேறிவிட்டேன், மெதுவாகக் குறைக்கலாம் என்று அவரே சொன்னார். இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. நானும் இப்போது மெய்யெழுத்து. அடுத்தது கால் மாத்திரை, மகரக்குறுக்கம். அப்புறம் பூச்சியம். தலைசுற்றலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சிங்கம்.

உனக்கு அப்படி நடக்கவில்லை. நீ மருந்தில் இருந்த அந்த வருட மாசி மகத்துக்குச் செங் ஊர் முருகன் கோயிலில் பால்குடம் எடுக்க நீ விரதம் தொடங்கிய அன்று, பெரியம்மா உன் மனச்சோர்வு மருந்தைத் தூக்கிப் பார்த்து, கேப்சூல் ஓடு மாட்டுத் தோலில் செய்வது என்று சொல்லிவிட்டார். யாரையும் கேட்காமல் அப்போதே நிறுத்திவிட்டாய். சில நாள்களில் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தள்ளாடினாய். காரணமில்லாமல் அழுதாய். தலைக்குள் கரண்ட் அடிக்கிறது என்றாய். நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, "இப்ப நின்னுருச்சாக்கா?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. என் சேட்டைக்கு நீ சிரிக்காத ஒரே நாள் அது. அதைப் பார்த்துத்தான் அம்மா பயந்து உன்னைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனார்.

டாக்டர் திட்டவில்லை. திடீரென்று விட்டால் உடம்பு இப்படித்தான் முரண்டு பிடிக்கும் என்று விளக்கி, மருந்தை மறுபடி தொடங்கினார். உடம்பு நிதானத்துக்கு வந்ததும், ஓடில்லாத, வெட்டக்கூடிய மாத்திரைக்கு மாற்றி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பால்குடம் தள்ளிப்போனதே என்று நீ கோயிலில் கண் கலங்கினாய். குருக்கள் சிரித்தார். "மருந்துக்கு விரதம் கிடையாதும்மா. அடுத்த வருசம் வா, முருகன் எங்கயும் டிரான்ஸ்பர் ஆகப் போறதில்ல லா."

'ஆமை எக்ஸ்பிரஸ்' என்று உனக்குப் பெயர் வைத்தேன். நீ வெட்டியை அமுக்கிக்கொண்டே, "இறங்குறேன்டா, விழல" என்றாய். அடுத்த மாசி மகத்தில், மாத்திரை தேவைப்படாத உடம்போடு குடம் சுமந்தாய். அதே வருடம் டிங்கிக் கொசுக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இந்த முறை உன் குடத்தை நான் எடுக்கிறேன். பெரியம்மா பாசத்தோடுதான் ஆரம்பித்தார்: "நல்லாத்தானே இருக்க, சாமிக்காக ஒரேயடியா நிப்பாட்டிடேன்." மாட்டேன் என்றேன். "இது மாட்டுத் தோல் இல்ல பெரியம்மா, என் தோலு."

சரி. மேலே சிங்கம் என்று எழுதினேன் அல்லவா? அந்தச் சிங்கம் முந்தாநாள் பள்ளிக் கேன்டீனில் தலை கிறுகிறுத்து, மீ கோரேங் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் கழிவறையில் கொஞ்சம் அழுதது. மறைக்காமல் அம்மாவிடம் சொல்லி டாக்டரிடம் போனோம். பழைய அளவுக்கே திரும்பு, பிறகு இன்னும் சின்னப் படியாக இறங்கலாம் என்றார். மெய்யெழுத்து மறுபடி குறிலாகிவிட்டது. உன் வெட்டி மேசைமேல் சும்மா கிடக்கிறது.

முழு மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் குடம் தூக்குவேன். இறங்குறேன்கா. விழல.