பாணுக்குள் வந்த டைமர்

மாமா,

போன செவ்வாய்க்கிழமை பகல், துணி துவைக்கிற மெஷினிலிருந்து கருகின ரப்பர் வாசம் வந்தது. முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு குழந்தையைத் தூக்கி அடுத்த குவாட்டர்ஸ் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம்தான் உங்கள் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பின்தகட்டைக் கழற்றினேன். நீங்கள் இருந்தவரைக்கும் நான் எட்டிப் பார்க்காத இடம் அது. உள்ளே பெல்ட் அறுந்து தொங்கியது. அதற்கு மேலே, செப்புக் கம்பியால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது, நான் உரக்குழியில் எறிந்த டைமர்.

உங்கள் கருமாதி நோட்டீசுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். கல்லூரியில் படித்த மருமகள் அல்லவா. 'அன்பின் உறைவிடமே' என்று ஆரம்பித்து எல்லோரும் எழுதுவதையே எழுதிக் கொடுத்தேன். எழுதியிருக்க வேண்டியதை ஒரு வருடம் பிந்தி இப்போது எழுதுகிறேன்.

தோட்டத்துத் துரை பங்களாவில் தூக்கிப்போட்ட பழைய மெஷின் அது. துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி. தேயிலை ஃபேக்டரி வேலை முடிந்ததும் நீங்கள் விறகுக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். மோட்டார், குருவிட்ட ஊரில் யாரோ வீட்டில் ஓடாமல் செத்துப்போன வேறொரு மெஷினுடையது. அடியில் சுற்றும் தட்டு இன்னொரு மொடல். அது தொட்டிக்குப் பெரிதாக இருந்ததால் ஓரத்தை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தீர்கள். என் இட்லிச் சட்டி மூடி காணாமல் போனது. யார் எடுத்திருப்பார்கள் என்று இரண்டு வாரம் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். கடைசியில் அது பிழிகிற தொட்டிக்கு மூடியாகியிருந்தது.

குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். மழையில் துணி காயாமல் வீடெல்லாம் ஈரவாடை. அதற்காகத்தான் செய்வதாகச் சொன்னீர்கள். ஆனால் துணி துவைப்பதற்குக் கதவைச் சாத்துவானேன்? தண்ணீர் பிடிக்கிற பீலியில் அடுத்த குவாட்டர்ஸ் அக்கா வேறு வாயைக் கிண்டினார்.

"ஏன் புள்ள, ஒங்க மாமா கதவ சாத்திக்கிட்டு என்னா செய்றாரு? கசிப்பு காச்சுறாரா?"

"மெஷின் செய்றாருங்க அக்கா."

"அப்பிடித்தான் சொல்வாங்க. காச்சுனா எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு போத்தல் வச்சிரச் சொல்லு!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது யுத்த காலம். உங்கள் மகன் கொழும்பில் கடையில் வேலை. தங்கியிருந்த அறையில் இரண்டு தடவை சோதனை நடந்திருந்தது. எங்கள் பக்கத்து டிவிஷனில் ரேடியோ திருத்துகிறவரை, வயரும் பெட்டரியும் வைத்திருந்தார் என்று பொலிஸ் ஜீப்பில் ஏற்றிப்போய் மூன்று நாள் கழித்து விட்டார்கள். வந்தவர் அதற்குப் பிறகு ஒரு ரேடியோவையும் தொடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் டவுன் பேக்கரியிலிருந்து ஒரு முழுப் பாணோடு வந்தீர்கள். தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

"அத வெட்டாதம்மா."

"ஏங்க மாமா?"

"அது பழசு. கோழிக்கு."

நம் வீட்டில் கோழி இல்லை.

மறுநாள் நீங்கள் ஃபேக்டரிக்குப் போனதும் கொட்டகைக்குள் போனேன். பிஸ்கட் டின் ஒன்றில் அந்தப் பாண். அடியை வெட்டி, உள்ளே குடைந்து, மறுபடி மூடியிருந்தது. அதற்குள் கடதாசியில் சுற்றி, கைக்கு அடக்கமாக ஒரு சாமான். சிவப்பு, மஞ்சள், நீல வயர்கள். மேலே ஒரு குமிழ். கை பட்டுத் திரும்பியது. டிக், டிக், டிக்.

படித்தவள்தான். துணி துவைக்கிற மெஷினுக்குள் மணிக்கூடு மாதிரி ஒன்று இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மெஷினே ஒரு சாக்கு, இது குண்டுக்கு என்று நினைத்தேன். இந்த மனிதர் யார், யாருக்காக இதைச் செய்கிறார், என் பிள்ளையை எந்தப் படுகுழியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். ஓடுகிற சத்தம் நிற்கும் முன்பே உரக்குழிக்குள் எறிந்து, மேலே சாம்பலும் தேயிலைத் தூளும் கொட்டினேன். பாணை அடுப்பில் போட்டேன்.

பின்னேரம் வந்து கேட்டீர்கள்.

"ஏம்மா, கொட்டகையில டின்ல ஒரு சாமான் இருந்துச்சே, பாத்தியா?"

"இல்லீங்க மாமா. எலி இழுத்திருக்கும்."

"எலியா?" என்று என் முகத்தைப் பார்த்தீர்கள். "அப்ப பெரிய எலிதான்." அரத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனீர்கள். அதையும் நான் சந்தேகப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மெஷின் ஓடியது. டைமர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுவிட்ச்.

"டைமர் கெடைக்கல. பரவால்ல. இடது பக்கம் போட்டு முப்பது எண்ணு. நிப்பாட்டு. வலது பக்கம் போட்டு முப்பது எண்ணு. போட்டுட்டு அங்கிட்டு போயிர ஏலாது, பக்கத்துலயே நிக்கணும்."

"எவ்வளவு நேரங்க மாமா நிக்கிறது?"

"நீ எப்பிடியும் நிக்கத்தான போற? நீதான் ஒண்ணையும் நம்ப மாட்டியே!"

டெஸ்டரை வைத்துத் தகடு முழுவதும் தொட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீர் ஊற்றினேன். அன்றைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு தடவையும். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், கோபித்ததில்லை.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு உங்கள் மகன் சொல்லிச் சிரித்தார். "டவுன் செக் பொயிண்ட்ல வயரப் பாத்தா புடிச்சிருவாங்கன்னு அப்பா பாணுக்குள்ள வச்சு கொண்டாந்தாராம். கொண்டாந்து தொலைச்சிட்டாராம்." ஒரு குற்றமும் இல்லாத சாமானைக் குற்றவாளி மாதிரி ஒளித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது உங்களுக்கு. ஒளித்துவைத்ததாலேயே நான் உங்களைக் குற்றவாளியாக்கினேன். எறிந்தது நான்தான் என்று அப்போதும் சொல்லவில்லை.

இப்போது டைமர் மேசையில் இருக்கிறது. எப்போது தோண்டி எடுத்தீர்களோ, உரக்குழியில் கிடந்ததற்கு ஒரு துளி மண் இல்லை. திருகாணிகளில் எண்ணெய் மினுமினுக்கிறது. வயர்களின் முனைகளைச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றிலும் டேப் சுற்றியிருக்கிறீர்கள். எதிலும் பூட்டவில்லை. குமிழைத் திருகினேன். டிக், டிக், டிக். நல்லபடியாக ஓடுகிறது.

ஓடுகிறதை ஏன் மாட்டவில்லை, மாமா? அந்தச் சத்தத்துக்கு நான் பயப்படுவேன் என்றா? இல்லை, பொய் சொன்னவள் நின்று எண்ணட்டும் என்றா? முதலாவதை நம்பத்தான் ஆசை. ஆனால் என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

நேற்று ஃபேக்டரி ஃபிட்டர் வந்து புதுப் பெல்ட் போட்டார். "டைமரும் நல்லாத்தான் இருக்கு, மாட்டிரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்று உங்கள் பேத்தி பக்கத்தில் நின்று எண்ணினாள். பன்னிரண்டுக்குப் பிறகு நேரே இருபதுக்குத் தாவுகிறாள். அவளை அதட்டிவிட்டு நான் முதலிலிருந்து எண்ணினேன். இடது பக்கம் முப்பது. வலது பக்கம் முப்பது. மற்றக் கை பிளக்கின் மேலேயே இருந்தது.