சுவிட்சுக்காரன் காது

2008 மே 6, செவ்வாய்

விடிந்ததிலிருந்து அடைமழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. பால் வராவிட்டால் ஸ்டோரில் ரப்பர் அழுத்தும் ரோலர் ஓடாது. வீட்டில் சும்மா.

காது மிஷின் போட்டு மூன்றாம் நாள். சட்டைப்பையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் கிளம்பி, கழுத்தருகே இரண்டாகப் பிரிந்து இரண்டு காதுக்கும். பாக்கியம் பார்த்துவிட்டு, "மூக்கணாங்கயித்தக் காதுல மாட்டுன மாதிரி இருக்குங்க" என்றாள். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் சொல்லும் வார்த்தை.

தகரத்தில் மழை விழும் சத்தம். கேட்டுப் பதினோரு வருடம். அழகாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மூட்டை மூட்டையாக ஆணியைக் கொட்டுகிறார்கள். கழற்றி வைத்தேன். கழற்றியதும் காதுக்குள் இருப்பது ஆரம்பித்தது. அதே 'ஙீ'. அதற்கு மழை நாளும் இல்லை, லீவும் இல்லை.

ஏன் இந்தப் பாடு என்று எழுதி வைக்கிறேன். அலுத்துப்போகும் நாளில் நானே படித்துக்கொள்ள.

பங்குனியில் சுனிலின் சட்டைக் கை ரோலரில் மாட்டியது. பால்கட்டியை ரோலருக்குள் தள்ளுவது அவன். சுவிட்சில் நிற்பது நான். அவன் கத்தியிருக்கிறான், எனக்குக் கேட்கவில்லை. சட்டை கிழிந்ததால் கை தப்பியது. ஸ்டோர் ஐயா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "மே மாசம் முடியிறதுக்குள்ள காதச் சரி பண்ணிக்க மாணிக்கம். இல்லாட்டி மலைக்குத்தான்."

மலை என்றால் புல் வெட்டு, கான் என்கிற வாய்க்கால் வெட்டு. ஐம்பத்திரண்டு வயதில். வேலைக்குப் பயமில்லை. ஆனால் இருபத்தாறு வருடம் அந்தச் சுவிட்சடியில் நின்றவன். அங்கே இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

மே 8, வியாழன்

தூறல். அரை நாள் வேலை. மிஷினை ஸ்டோருக்குக் கொண்டுபோகவில்லை, முதலில் வீட்டில் பழகக் கிளினிக்கில் சொன்னார்கள்.

இன்று புதிதாகக் கேட்டவை:

என் செருப்பு.
சட்டை பெட்டியில் உரசும் சத்தம். யாரோ பக்கத்தில் நின்று அரிசி புடைப்பது போல.
அடுத்த வீட்டுக் காம்பராவில் ரேடியோ. அதற்கு அடுத்த காம்பராவில் சண்டை. விஷயம் கோழி.
நான் சாப்பிடும் சத்தம். வெட்கமாக இருந்தது.
பாக்கியம்.

பா. பதினோரு வருடமாக எனக்காகக் கத்திக் கத்திப் பேசியவள். மிஷின் போட்ட காதில் அவள் "சோறு போடவா" என்றால் மண்டைக்குள் இடி. கொஞ்சம் மெதுவாகப் பேசு என்றேன். "பதினோரு வருசமாக் கத்திப் பழகிட்டேன். இப்ப கொறைன்னா எதத் திருகிக் கொறைக்கிறது? எனக்கென்ன பொத்தானா இருக்கு?" நியாயம்தான். பெட்டியின் பொத்தானைத் திருகினேன். அவள் சத்தம் குறைந்தது, 'ஙீ' கூடியது. இரண்டில் எதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது?

பாட்டரி 2 மிச்சம்.

மே 10, சனி

வெயில். பால் நிறைய. முதல் தடவையாக மிஷினைப் போட்டுக்கொண்டு சுவிட்சடிக்குப் போனேன்.

போயிருக்கக் கூடாது. ரோலர் ஓடத் தொடங்கியதும் தலையை உள்ளே கொடுத்தது போல. எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது: பெல்ட், தண்ணீர்க் குழாய், மோட்டார். சுனில் வாயை அசைக்கிறான், ஆனால் அவன் சத்தம் எது, இரும்புச் சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. பத்து நிமிஷத்தில் கழற்றிப் பையில் போட்டேன். போடாவிட்டால் கேட்காது. போட்டால் எல்லாம் கேட்கிறது, வேண்டியது கேட்காது.

சுனில் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரன். நம் பாஷையை நம் ஆட்களிடமே பழகியவன். சாயங்காலம் கை கழுவும்போது வந்து, "அண்ணே, பயம் வேணாம். நான் இன்னும் பெரிசாக் கத்துறேன்" என்றான். கை போக இருந்தது அவனுக்கு. சமாதானம் எனக்கு.

புதன் கிளினிக். சத்தத்தைப் பிரித்துத் தரும்படி கேட்க வேண்டும். 'ஙீ' பற்றியும்.

மே 14, புதன்

வெயில். கேகாலை பஸ். எடுத்துப் போனவை: ஐடென்டிகாட், கிளினிக் துண்டு, குடை. பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற கூச்சத்தில் வயரைச் சட்டைக்கு உள்ளே விட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன். என் புத்தி.

சந்திக்கு முன்னால் செக்பாயிண்ட். எல்லாரும் இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். என் முறை வந்ததும் ஆமிக்காரர் ஐடென்டிகாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் லொறி, உள்ளே 'ஙீ'. சொல்லின் வால் மட்டும் வந்து சேர்ந்தது: "...ன்ன." 'யன்ன' என்றால் போ. 'இன்ன' என்றால் நில். நான் போனேன்.

அவர் சொன்னது 'இன்ன'.

பின்னால் துப்பாக்கி 'கிளிக்' என்றது. அது மட்டும் துல்லியமாகக் கேட்டது. திரும்பினேன். அப்போதுதான் கழுத்தோரம் வயரைப் பார்த்திருக்கிறார்கள். தமிழன், நிற்கச் சொல்லியும் நிற்காதவன், சட்டைக்குள் வயர். வரிசையில் நின்றவர்கள் விலகி ஓடினார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள் போலிருக்கிறது, சொல்வதற்கு முன்பே தூக்கியிருந்தேன். "கன் மெஷின், மாத்தயா! கன் மெஷின்!" என்று கத்தினேன். சிங்களத்தில் கன் என்றால் காது. என் சத்தமே என் காதில் அறைந்தது.

சட்டையைக் கழற்றச் சொல்லி, பெட்டியை ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தார்கள். என் காட்டை முதலில் பார்த்தவருக்கு என் மகன் வயது.   பிறகு அவர்களின் பெரிய அதிகாரி ஒருவர் வந்து வயர் நுனிக் குமிழைத் தன் காதில் வைத்துப் பார்த்து, "அம்மோ!" என்று பிடுங்கிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வந்த பெண்கள் முன்னால் வெறும் உடம்போடு நின்று சிரித்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தோட்டத்திலிருந்து கடிதம் கொண்டுவா, இல்லாமல் இந்த வயரோடு வராதே என்று சொல்லி அனுப்பினார்கள்.

சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெரியாத பாஷையில் தப்பு விட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

கிளினிக்கில் பெட்டியைக் கொஞ்சம் திருகிக் கொடுத்தார்கள். 'ஙீ' பற்றிக் கேட்டேன். டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நர்ஸ் எனக்குக் காதோரம் தமிழில் சொன்னார்: "அது நிக்காது ஐயா. நீங்கதான் அதுக்குப் பழகணும்."

மே 16, வெள்ளி

மழை. ஆபீசுக்குப் போனேன், கடிதத்துக்கு.

கிளாக்கர் ஐயா நல்ல மனிதர். சிங்களத்தில் அழகாக எழுதி, துரையிடம் கையெழுத்தும் சீலும் வாங்கித் தந்தார். வாசித்துக் காட்டச் சொன்னேன். 'இந்த ஆள் சம்பூர்ணமாக பிஹிரி.' பிஹிரி என்றால் செவிடு. "முழுச் செவிடு இல்லீங்களே ஐயா, மிஷின் போட்டாக் கேக்குதே" என்றேன்.

"கொஞ்சம் கேக்கும், கொஞ்சம் கேக்காதுன்னு எழுதினா செக்பாயிண்ட்ல நம்புவானா? ஒனக்கு உயிர் வேணுமா, மரியாதை வேணுமா?"

உயிர்தான் வேண்டும் என்று வாங்கி மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டேன். கடிதத்தின் ஒரு கொப்பி பைலுக்கு, ஒரு கொப்பி ஸ்டோருக்கு என்றார். அப்போது அது மண்டையில் ஏறவில்லை.

மே 17, சனி

ஏறியது.

ஸ்டோர் ஐயா மேசையில் அந்தக் கொப்பி. "தொர கையெழுத்துப் போட்டு முழுச் செவிடுன்னு குடுத்திருக்காரு. நான் ஒன்ன எப்புடி மிஷின்ல வச்சிருக்கிறது? நாளைக்கு ஒண்ணு நடந்தா என் கழுத்துக்குத்தான் கத்தி வரும்."

அது ரோட்டுக்காக எழுதியது என்றேன். "ரோட்டுக்கு ஒரு காது, ஸ்டோருக்கு ஒரு காதா?" என்றார்.

கடிதம் இல்லாமல் ரோட்டில் போக முடியாது. கடிதம் இருந்தால் ஸ்டோரில் நிற்க முடியாது. எலிப்பொறிக்கு இரண்டு வாசல், இரண்டும் உள்ளே திறக்கும். வீட்டுக்கு வந்து பா.விடம் கத்தினேன். அவளும் கத்தினாள். அவளுக்கு அது சாதாரணப் பேச்சு.

கடைசியில் ஸ்டோர் ஐயா ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்: அடுத்த சனிக்கிழமை சோதனை வைப்பார். ரோலர் ஓடும்போது சுனில் கத்துவான். நான் முதுகைக் காட்டி நின்று கேட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இடம் நிற்கும்.

மே 20, செவ்வாய்

வெசாக் பண்டிகை லீவு. மழை விட்டிருந்தது. சுனில் வீட்டுக்கு வந்தான், கொண்டை வைத்த சிங்களப் பலகாரம் கொண்டுவந்தான். இருவரும் ஆற்றங்கரைக்குப் போனோம். அங்கே தண்ணீர் இரைச்சல் ரோலருக்குக் கிட்டத்தட்ட வரும். நான் திரும்பி நிற்க, அவன் பின்னாலிருந்து "நவத்தன்ன!" என்று கத்தினான். நிறுத்து என்று அர்த்தம்.

பத்தில் நாலு கேட்டது. பிறகு ஆறு. பிறகு மூன்று.

துணி துவைத்த ஒரு பெண், "இவங்களுக்குப் பைத்தியமா?" என்று இன்னொருத்தியிடம் கேட்டாள். அது நன்றாகக் கேட்டது.

மே 22, வியாழன்

'ஙீ' இன்று அதிகம். நடுவில் ஒரு விசில், அதற்குள் சில நேரம் பேச்சு போல ஏதோ. யாரோ தூரத்தில் கூப்பிடுவது போல. மூன்று தடவை வெளியே போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பா. கேட்டாள், "யாரத் தேடுறீங்க?" 

பாட்டரி புதிது போட்டேன். தலைவலி.

மே 24, சனி

மேகம், மழை இல்லை. சோதனை.

பெட்டியைப் பாதிக்குத் திருகி வைத்துக்கொண்டேன். ரோலர் ஓடியது. சுனில் பால்கட்டியைத் தள்ளுவது போல நின்றான், கையைத் தூர வைத்து. ஸ்டோர் ஐயா அவன் பக்கத்தில். நான் முதுகைக் காட்டி, கை சுவிட்சில்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.  பிறகு கேட்டது. "நவத்தன்ன!" தெளிவாக, சுனில் குரலிலேயே. சுவிட்சைத் தட்டினேன். ரோலர் நின்றது.

ஸ்டோர் ஐயா என் தோளைத் தட்டினார். "சரிதான்டா! தொரகிட்ட நான் பேசிக்கிறேன். திங்கக்கெழம வா." காலில் விழாத குறை. வீட்டுக்கு ஓடிப்போய் பா.விடம் சொன்னேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள், இந்த வயதில். ரவை உருண்டை பிடித்தாள். நானும் ஊரைக் கூட்டாத குறையாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மே 25, ஞாயிறு

காலையில் குழாயடிக்குத் தேடி வந்தான் சுனில். கோயில் திருவிழாவுக்கு வந்தவனைப் போல நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவன் என் குடத்தை நிரப்பி முடித்துத்தான் சொன்னான்.

"அண்ணே, கோவிக்க வேணாம். ஐயா லேஞ்சியக் கீழ போட்டா நான் கத்தணும், அதுதான் பேச்சு. அவரு போட்டாரு. நான் வாயத் தொறக்க முன்னுக்கே மிஷின் நின்னுடுச்சி."

"நீ கத்துனியே. நவத்தன்னன்னு."

"நே அண்ணே. நான் கத்த இல்ல."

லேஞ்சிக் கைக்குட்டை விழுந்த நேரமும் என் கை தட்டிய நேரமும் ஒன்றாகிவிட்டது. ஐயா சுனில் கத்தினான் என்று நினைத்தார். சுனில் வாயை மூடிக்கொண்டான், எனக்காக.

"ஏன்டா அங்கயே சொல்லல?" என்றேன். "ஒங்களுக்கு அந்த எடம் இல்லாட்டி எப்புடி அண்ணே?" என்றான். நாளைக்கு ரோலருக்குப் பக்கத்தில் கை வைக்கப்போகிறவன் அவன்.

பா.விடம் சொன்னேன். "பாசாயிட்டீங்கல்ல. சும்மா இருங்க. கேட்டாலும் கேக்காட்டியும் சாமி பாத்துக்கும்." சாமி சுவிட்சடியில் நிற்காது. 

மே 26, திங்கள்

வெயில். பால் அதிகம், ரோலர் காலை ஏழுக்கே ஓடியது.

முதல் மணி நேரத்தில் கேட்டது. நிறுத்தினேன். சுனில் கத்தவில்லை. மறுபடி ஓட்டினோம். மறுபடி கேட்டது, நிறுத்தினேன். கத்தவில்லை. மத்தியானத்துக்குள் ஏழு தடவை. பால்கட்டி பாதியில் நின்று நின்று, கிரேப் ரப்பர் எல்லாம் கட்டி கட்டியாக வந்தது. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். சுனில் ஒரு தடவையும் முகம் சுளிக்கவில்லை.

எட்டாவது தடவை கேட்டது. முந்தினதைவிடத் தெளிவாக. கை சுவிட்சுக்குப் போனது. இதுவும் பொய்தான் என்று மனம் சொன்னது. நிறுத்தவில்லை. நிறுத்தாமல் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பிப் பார்க்கப் பயம். பார்த்தேன்.

சுனில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையையும் மேலே தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினான். பத்தும் இருந்தன.

மோட்டாரை நிறுத்திவிட்டு ஸ்டோர் ஐயாவிடம் போனேன். நாளையிலிருந்து மலைக்குப் பேர் போடச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"ஏன் மாணிக்கம், இப்பதான் நல்லாக் கேக்குதே?"

"ரொம்பக் கேக்குதுங்க" என்றேன்.