எப்சிபா என்று ஏழு பேர்

கச்சிராயபாளையம் அருகே,
8-7-1989

மரியாதைக்குரிய நர்சம்மாவுக்கு,

செவ்வந்தி கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நாசரேத்தில் மழை உண்டா? இங்கே மலைமேல்தான் பெய்கிறது. ஓடையில் தண்ணீர் போகிறது, வயலுக்கு வரவில்லை. அவருக்குக் கரும்பு வெட்டு முடிந்து ஒரு மாதமாக வேலை இல்லை. நான் சத்துணவுக் கூடத்தில்தான் சமைக்கிறேன்.

பெண் பிளஸ் டூவில் 914 மதிப்பெண் வாங்கினாள். அரசாங்க நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குக் கார்டும் வந்துவிட்டது. இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி. சாதிச் சான்றிதழ் இல்லாமல் போனால் சேர்க்க மாட்டார்களாம். அதுதான் இன்னும் கைக்கு வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் மரங்களை வெட்டி ரோட்டில் போட்டு, இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். இந்த வருஷம் எம்.பி.சி. என்று தனியாகப் பிரித்தார்கள். அதிலிருந்து தாலுகா ஆபீஸில் கால்வைக்க இடமில்லை. எல்லாச் சாதிக்காரரும் புதுச் சான்றிதழுக்கு நிற்கிறார்கள். எது அசல், எது போலி என்று ஒவ்வொரு மனுவையும் துருவுகிறார்கள். எங்கள் மனுவில், “எப்சிபா, தகப்பன் பெயர் பச்சமுத்து” என்று இருந்ததைக் குமாஸ்தா இரண்டு தடவை படித்தார். “இன்னாம்மா பேரு இது? கிறிஸ்டியனா நீங்க? அப்படின்னா எஸ்.சி. கிடையாது, பி.சி.ன்னுதான் குடுப்போம்” என்றார். இந்துதான் சார் என்றோம். விசாரணைக்கு வருவார்கள் என்று அனுப்பிவிட்டார்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனுஷன்தான், மோர் வாங்கிக் குடித்தார். இந்தப் பெயர் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டார். அங்கேதான் நான் கெடுத்தேன் அம்மா. தெரியாது என்று தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பதினெட்டு வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. பெருமை தாங்காமல் முழுக்கதையும் சொன்னேன்.

இவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்ததும் செத்ததைச் சொன்னேன். அப்படிச் செத்த வீட்டில் அடுத்தது தங்கவேண்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து, குப்பம்மாள் என்று பெயர் வைப்பது எங்கள் வழக்கம். மாமியார் முறத்தில் குப்பையோடு வந்து நிற்க, நீங்கள் பிள்ளையைத் தரமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டதைச் சொன்னேன். பிழைத்து வந்த பிள்ளையைக் குப்பை என்று கூப்பிடாதீர்கள், வேண்டுமானால் என் பெயரை வைத்துக்கொள்ளுங்கள் என்றீர்களே, அதையும் சொன்னேன். அது எபிரேயு மொழிப் பெயர், பழைய காலத்தில் ஒரு ராணிக்கு இருந்தது, கைவிடப்பட்டவள் என்று எல்லோரும் பழித்த ஓர் ஊருக்கு ஒரு தீர்க்கதரிசி அந்தப் பெயரைச் சூட்டினார், ‘என் பிரியம் இவள்மேல்’ என்று அர்த்தம். நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

அதோடு விட்டேனா? உங்கள் ஊரில் தெருவுக்கு ஒருத்தி உண்டு, எங்கள் தாலுகாவிலேயே வேறெங்கும் கிடையாது, ஆனால் எங்கள் காலனியில் மட்டும் ஏழு பேர், எல்லாம் நர்சம்மா கையில் பிறந்ததுகள் என்று விரல் விட்டுக் காட்டினேன். மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த உங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைக் கழற்றிக் கொடுத்ததும் நான்தான். அவர் திருப்பிப் பார்த்து விலாசத்தைக் குறித்துக்கொண்டார்.

ஏழு குடும்பமும் மதம் மாறியதாகச் சந்தேகம் என்று எழுதிவிட்டார். மற்ற ஆறு வீட்டுக்காரரும் வாசலில் வந்து நின்றார்கள். “வாய வச்சிக்கினு சும்மா இருக்க முடியலியா உன்னால?” என்று சின்னக்கண்ணு கேட்டாள். அவள் மகளும் பத்தாவது படிக்கிறாள், கேட்கத்தானே செய்வாள். நீங்கள் ஒருநாளும் எங்களை உங்கள் கோயிலுக்குக் கூப்பிட்டதில்லை, ஆடியில் எங்கள் கூழை வாங்கிக் குடித்தவர் என்று ஆபீஸில் போய்ச் சொன்னேன். எழுத்தில் இல்லாததைக் கேட்க அவர்களுக்கு நேரமில்லை.

பெயரை மாற்றி கெசட்டில் போட்டால் நடக்கும் என்றார்கள். போனோம். மனு எழுதுகிறவர் என்ன பெயர் போடட்டும் என்றார். எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. இவள் அப்பாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “எம் பொண்ணு பேரு மணிமொழி, அத்தயே போட்டுடட்டுமா?” என்று மனு எழுதுகிறவர் கேட்டார். சரி என்றேன். ‘அறியாமையால் வைத்த பெயர்’ என்று ஸ்டாம்பு பேப்பரில் எழுதிப் படித்துக் காட்டினார். அறியாமல் நான் வைக்கவில்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன்.

அழுகை வரவில்லை அம்மா. வந்தால் தேவலை. உலை கொதித்தால் அரிசி போடுகிறேன், பிள்ளைகள் தட்டை நீட்டினால் சோறு போடுகிறேன். பெண் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணிமொழி என்றே கூப்பிடு, பழகட்டும் என்று அவள்தான் சொன்னாள். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறாள். எனக்கு அதுவும் வாயில் வராமல், ‘இந்தா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். பெயரை மாற்றியும் விசாரணை முடியவில்லை, தாலுகா ஆபீஸிலிருந்து உங்களுக்கு ஒரு பதிவுத் தபால் வரும். இந்தக் குடும்பத்தைத் தெரியுமா, ஞானஸ்நானம் கொடுத்தது உண்டா, போக்குவரத்து இருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள். ஞானஸ்நானம் இல்லை என்று எழுதினால் அது உண்மை. அது போதாதாம். வருஷா வருஷம் அட்டை வருகிறதே, அப்படியென்ன உறவு என்று கேட்கிறார்கள். அதனால் தெரியாது என்று எழுதுங்கள் அம்மா. ஊர் ஊராகப் பிரசவம் பார்த்தேன், யார் யாரென்று ஞாபகம் இல்லை என்று எழுதுங்கள். நீங்கள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பிழைக்காது என்று தெரிந்த பிள்ளையைக்கூடப் பிழைக்கும் என்று நீங்கள் எங்களிடம் சொன்னதில்லை. உங்களிடம் போய் இதைக் கேட்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் உங்கள் பதில் அங்கே போய்ச் சேரவேண்டும். எங்களுக்குப் பதில் போடாதீர்கள். டிசம்பரில் அட்டையும் வேண்டாம். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

படிப்பு மூன்றரை வருஷம். அது முடிந்து அவளுக்கு வேலை உத்தரவு வந்த மறுநாள் கூட்டிக்கொண்டு வருகிறேன். நாசரேத்துக்கு எந்த பஸ் என்று இப்போதே விசாரித்து வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு, நீங்கள் உயிரோடு இருக்கவேண்டும் அம்மா.

இப்படிக்கு,
உங்களுக்குத் தெரியாத
செவ்வந்தி