நரகாசுரன் பூசிய திருநீறு

ஐப்பசி, 1982. தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள்.

கூத்தாடும் முனுசாமிக்கு நரகாசுரன் வேஷம் கட்டி, என் ஜவுளிக்கடை வாசலில் நிறுத்தியது நான்தான். "என்னைக் கொன்னாச்சு, வந்து புதுத்துணி எடுங்க" என்று அவர் கூவக் கூவக் காலையில் நல்ல கூட்டம்.

மத்தியானம் கீழ்பென்னாத்தூர்க்காரி ஒருத்தி, காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு வந்து அவரிடம் திருநீறு கேட்டாள். வேஷம் கட்டியவர் கையால் பூசிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

"இது சாமி வேஷம் இல்லம்மா. அசுரன்."

"தான் செத்த நாள்ல ஊரே சந்தோஷமா இருக்கணும்னு கேட்டவருதானே. நீங்களே பூசுங்க."

சாமி படத்தடியில் இருந்த திருநீற்றை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் குழந்தையின் நெற்றியில் பூசினார். அவள் எதுவும் வாங்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் கூவவே இல்லை.

"இந்த வேஷத்தோட இனிமே வியாபாரத்துக்குக் கூவ முடியாதுங்க, முதலாளி."

திட்டத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. இப்போது கடையைச் சாத்திவிட்டு, நாளைக்கு வாசலில் யாரை நிறுத்துவது என்று யோசித்தால், அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்றே மனம் போகிறது. அதற்காக வேண்டிக்கொள்ளலாம் என்று சற்றுமுன் கை கூப்பினேன். கண்ணை மூடினால் அண்ணாமலையார் வரவில்லை. முனுசாமியின் கிரீடமும் ஒட்டு மீசையும்தான் வந்தன. கூப்பிய கையை இறக்கவும் முடியவில்லை.