எத்தினி மாசம்?

14-8-84, செவ்வாய்

மூன்று பிள்ளைக்குப் பிறகு தொங்கிப்போன வயிற்றைக் காட்ட இன்று இவரோடு மெட்ராஸ் போனேன். டாக்டரம்மா இரண்டு வகை ஆபரேஷன் சொன்னார். சின்னதில் தொப்புளுக்குக் கீழே தோலை மட்டும் வெட்டித் தைப்பார்கள். பெரியதில் உள்ளே விலகிய தசையையும் இழுத்துத் தைத்து, தொப்புளுக்குப் புது இடம் வைப்பார்கள். எனக்குப் பெரியதுதான் சரியாம். "தொப்புள் இருந்த எடத்துலயே இருக்கட்டும்" என்றார் இவர். அவர் தொப்புளா அது?

திரும்பும்போது, ஏரி தாண்டி எங்கள் பசியாவரத்துக்குப் போகும் தோணியில் நிற்கவும் இடமில்லை. "புள்ளத்தாச்சிக்கு எடம் வுடுங்கபா" என்று தோணிக்காரர் கத்தினார். இவர் மறுக்கவே இல்லை. எனக்குக் கிடைத்த இடத்தில் பாதியில் தானும் உட்கார்ந்துகொண்டார். "எத்தினி மாசம்மா?" என்று மீன்கூடைக்கார அக்கா கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் வயிற்றைக் காட்டி, "அவருக்குத்தான்கா மொதல்ல. பத்தும் தாண்டிடுச்சு" என்றேன். எல்லாரும் சிரித்த சிரிப்பில் தோணியே ஆடியது.

வீடு வந்ததும் இவர் சட்டையைக் கழற்றி எறிந்தார். சாப்பிடாமலே படுத்துவிட்டார். இப்போது, வயிறு தொங்காமலிருக்க நான் இறுக்கிக் கட்டும் பழைய புடவையைத் தேடினால் கொடியில் காணோம். விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். பனியன்மேல் அதை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, மூச்சுமுட்டக் குறட்டை விடுகிறார்.

பெரிய ஆபரேஷன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். யாருக்கு என்றுதான் தெரியவில்லை.